கட்டில் யாருக்காக?

மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகத்தைப் படுத்துக் கழிக்கிறான். எஞ்சிய இரண்டு பாகத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவன் காதலித்ததை எழுதுகிறார்கள். உத்தியோகம் பார்த்ததை எழுதுகிறார்கள். தேர்தலில் நின்று தோற்றதைக்கூட எழுதுகிறார்கள். அந்த மூன்றாவது பாகத்தைப் பற்றி ஒருவன் பேனாவை எடுத்தால் மட்டும், "கதை எழுதுகிறவருக்குக் கட்டிலைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்கிறார்கள். எனக்குக் கவலை உண்டு. என் கதாபாத்திரங்கள் ராத்திரி தூங்கினால்தான் மறுநாள் அவர்களை வைத்துக்கொண்டு நான் ஏதாவது செய்ய முடியும்.

ஆகையால் கட்டிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் வீட்டுக் கட்டில் அல்ல. சக்கரத்தின் மேல் ஓடுகிற கட்டில். அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வண்டி இருக்கிறது. அந்த வண்டி பழையதாயிருக்கும்போது, அதன் உள்ளே மரத்தை அறுத்து, பலகையைச் சேர்த்து, படுக்கையை நீளமாக்கிக்கொள்வது சரியா, தவறா என்பது கேள்வி. சரி என்பது என் கட்சி. அதோடு நிற்கவில்லை. காலை நீட்ட முடியாத கட்டிலை வைத்துக்கொண்டு, "அதில் கை வைக்காதே" என்று சட்டம் பேசுகிறவர்கள் மனிதனைவிட மரத்தை அதிகமாக மதிக்கிறவர்கள் என்றும் சொல்கிறேன். கோபம் வருகிறவர்கள் கடைசிவரையில் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

இந்த வண்டியைப் பார்த்திராத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற ஆசனங்களையெல்லாம் கழற்றி எறிந்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சமையல் மேடை, ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி, ஒரு ஸ்நான அறை, சாப்பிடுகிற மேஜை, துணி அலமாரி, கடைசியில் ஒரு கட்டில், இவற்றை அடுக்குங்கள். அதுதான் மோட்டார் வீடு. பணக்காரர்களின் விளையாட்டுச் சாமானாக இருந்த இது நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்தது 1966-க்குப் பிறகுதான். அந்த வருஷம் அயோவா மாகாணத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிறிய ஊரில் வின்னபேகோ கம்பெனியார் மோட்டார் வீடுகளை வரிசையாகச் செய்து தள்ள ஆரம்பித்தார்கள். 1973 முதல் 1978 வரையில் ஜி.எம்.ஸி. கம்பெனியும் ஒன்று செய்து விற்றது. இன்றைக்கும் அந்தக் காலத்து வண்டிகளைத் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் கட்டிலுக்கு என்ன வந்தது? சொல்கிறேன். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகலம் 96 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று நெடுநாள் விதி இருந்தது. லாரிகளுக்கு 102 அங்குலம் என்று 1982-ல் சட்டம் செய்தார்கள். மோட்டார் வீடுகள் மெல்ல மெல்லப் பின்னால் வந்தன. ஆகவே பழைய வண்டி என்றால் வெளி அகலம் எட்டடி. இரண்டு பக்கத்துச் சுவரின் கனத்தையும் கழித்தால் உள்ளே அதிலும் குறைவு. கட்டிலைக் குறுக்கே போட்டால் நீளம் கிடைக்கும். ஆனால் உள்பக்கம் படுத்தவர் ராத்திரி எழுந்திருக்க வேண்டுமானால் வெளிப்பக்கம் படுத்தவரின் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். இல்லறத்துக்கு அது நல்லதல்ல. கட்டிலை வண்டியின் நீளவாக்கில் போட்டாலோ, அந்த நீளத்துக்கு அடுப்பும், குளியலறையும், அலமாரியும் போட்டிக்கு வந்து நிற்கின்றன. இந்தப் போட்டியில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். கம்பெனிக்காரன் யாரை விட்டுக்கொடுக்கச் சொன்னான் தெரியுமா? தூங்குகிறவனை.

அமெரிக்கக் கடைகளில் 'குவீன்' என்று ஒரு கட்டில் அளவு உண்டு. அகலம் 60 அங்குலம், நீளம் 80 அங்குலம். மோட்டார் வீட்டுக்காரர்கள் நீளத்தில் ஐந்து அங்குலத்தை, சில வண்டிகளில் ஆறு அங்குலத்தை, வெட்டி எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டு அதற்கு 'ஷார்ட் குவீன்' என்று பெயர் வைத்தார்கள். ராணியின் காலை வெட்டிவிட்டு, ராணி என்ற பட்டத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்! விளம்பரத் தாளில் 'ராணிக் கட்டில்' என்று அச்சடிக்கலாம். நடைவழியும் தாராளமாகத் தெரியும். வாங்க வருகிறவர்கள் வண்டிக்குள் நின்று பார்க்கிறார்கள், அலமாரியைத் திறந்து மூடுகிறார்கள், குழாயைத் திருகுகிறார்கள். விற்பனைக்காரருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துப் பார்க்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அந்தக் கூச்சத்தை நம்பித்தான் ஐந்து அங்குலம் களவு போயிற்று.

கிரேக்கர்களின் புராணத்தில் ப்ரோக்ரஸ்டஸ் என்று ஒருவன் வருகிறான். வழிப்போக்கர்களை வலிய அழைத்து விருந்து வைத்துக் கட்டிலும் கொடுப்பானாம். கட்டிலைவிடக் குள்ளமானவர்களை இழுத்து நீட்டுவான். நெட்டையானவர்களின் காலை வெட்டுவான். கட்டிலுக்கும் மனிதனுக்கும் அளவு சரியாகிவிடும் அல்லவா? கடைசியில் தீஸியஸ் என்ற வீரன் வந்து அவனை அவனுடைய கட்டிலிலேயே கிடத்தி முடித்தான். இந்தக் கதையில் எனக்கு ஆச்சரியமாயிருப்பது கொடுமை அல்ல. ப்ரோக்ரஸ்டஸ் ஒருவன்கூட ரம்பத்தை எடுத்தபோது அதைக் கட்டிலின் பக்கம் திருப்ப நினைக்கவில்லையே, அதுதான். அவன் செத்து எத்தனையோ யுகமாகியும் அவன் சித்தாந்தம் சாகவில்லை.

மெய்யான சரித்திரத்திலிருந்தும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆபிரகாம் லிங்கனின் உயரம் 6 அடி 4 அங்குலம். 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டனில் ஃபோர்டு நாடகக் கொட்டகையில் அவரைச் சுட்டார்கள். எதிர்ச்சாரியில் இருந்த பீட்டர்ஸன் என்பவரின் விடுதி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே கிடைத்த கட்டிலில் அவரை நேராகக் கிடத்த முடியவில்லை. மூலைக்கு மூலை குறுக்காகத்தான் கிடத்தினார்கள். மறுநாள் காலை அப்படியே அவர் பிராணன் போயிற்று. ஒரு தேசத்தின் தலைவருக்கு, கடைசி ராத்திரியில், கால் நீட்ட ஒரு கட்டில் இல்லை! அன்றைக்கு அவசரம், அகப்பட்டது அதுதான், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆற அமரப் படம் வரைந்து, அளவு போட்டு, தொழிற்சாலையில் செய்து, விலை வாங்கிக்கொண்டு கொடுக்கிற கட்டிலிலும் மனிதன் மூலைக்கு மூலை படுக்க வேண்டும் என்றால் அதற்கு என்ன சமாதானம்? கணக்கு வேண்டுமானால் பார்க்கலாம். 60 அங்குல அகலமும் 75 அங்குல நீளமும் உள்ள கட்டிலின் மூலைவிட்டம் 96 அங்குலம். லிங்கனே தாராளமாகப் படுக்கலாம். ஆனால் அவர் மனைவி எங்கே படுப்பது?

இந்த வழக்கில் எனக்கு அக்கறை ஏற்பட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஒன்றுவிட்ட அக்கா ஓஹையோ மாகாணத்தில் இருக்கிறாள். அவளுடைய புருஷன், என் அத்தான், ரிட்டயரான எஞ்சினீயர். உயரம் 6 அடி 2 அங்குலம். எங்கள் குடும்பத்தில் கல்யாண வீட்டுத் தோரணத்தை ஏணியில்லாமல் கட்டுகிறவர் அவர்தான். உத்தியோகத்திலிருந்து விலகியதும், அந்த நாட்டின் தேசியப் பூங்காக்களையெல்லாம் அக்காவோடு பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, 1987-ஆம் வருஷத்து மோட்டார் வீடு ஒன்றைச் சல்லிசாக வாங்கினார். 2019 கோடையில் நான் அங்கே போயிருந்தபோது யெல்லோஸ்டோனுக்குப் புறப்பட்டோம். 1,700 மைலுக்குக் குறையாத பிரயாணம். வண்டியின் கனம் ஏறக்குறைய ஐந்து டன். ஓட்டுகிறவர் அத்தான் ஒருவரே.

அந்தக் கட்டிலின் நீளம் 75 அங்குலம். அத்தானின் உயரம் 74 அங்குலம். "ஓர் அங்குலம் மிச்சம் இருக்கிறதே!" என்று யாராவது சொல்லக்கூடும். அக்காவும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் நிற்கிற மனிதனும் படுத்திருக்கிற மனிதனும் ஒரே நீளம் அல்ல. நிற்கும்போது பாதம் தரையில் மடங்கி நிற்கிறது. படுத்தால் விரல்கள் முன்னால் சாய்ந்து நீளுகின்றன. தலையணை உடம்பைக் கீழே தள்ளுகிறது. முதுகெலும்பின் வட்டுகள் ராத்திரியில் உப்பி, விடியற்காலையில் மனிதன் முந்தின மாலையில் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டராவது வளர்ந்திருக்கிறான். ஆகையால் ஆள் உயரத்துக்கு மேல் நாலைந்து அங்குலமாவது இல்லாத கட்டில் கட்டிலே அல்ல. வீட்டுக் கட்டிலானால் காலை வெளியே தொங்கவிட்டுக்கொள்ளலாம். இங்கே தலைமாட்டில் வண்டியின் பின்சுவர். கால்மாட்டில் அலமாரியின் பலகை. தலை இடிக்கும், இல்லாவிட்டால் கால் இடிக்கும்.

மூன்று ராத்திரி அத்தான் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். நான் முன்பக்கத்து ஸோபாவில் படுத்திருந்தேன். நடுநிசியில் அவர் எழுந்து வந்து, சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நாலாம் நாள் பிற்பகல், தெற்கு டகோட்டாவில், 90-ஆம் எண் நெடுஞ்சாலை. இரு பக்கமும் புல்வெளி. சாலை நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது. அங்கே சாலையோரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். தூங்கி வழிகிறவனின் சக்கரம் அதில் ஏறினால் வண்டி முழுவதும் கடகடவென்று அதிரும். எங்கள் வண்டி அதிர்ந்தது. அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் உருண்டன. அக்கா, "ஐயோ, என்னங்க!" என்று அலறினாள். அத்தான் விழித்துச் சக்கரத்தைத் திருப்பினார். அடுத்த தங்குமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் அவர் பேசவே இல்லை. பிறகு, "தம்பி, ராபிட் சிட்டியில் ஒரு ரம்பம் வாங்க வேண்டும்" என்றார்.

அன்று மாலை கூடாரத் திடலில் ஆட்சேபங்கள் ஆரம்பமாயின. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்த ஆட்சேபங்கள் அந்தத் திடலோடு முடிந்து போகிறவை அல்ல.

முதல் ஆட்சேபம் அக்காவுடையது. "இருக்கிற இடத்துக்குள்ளே சுருட்டிக்கொண்டு படுக்கத் தெரியாதா? எங்க வீட்டிலே ஒரே கூடத்திலே பதினாலு பேர் படுத்தோமே!" என்றாள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்தப் பதினாலு பேரும் பாயில் படுத்தார்கள். பாய்க்கு வெளியே கால் போனால் தரை இருந்தது, பலகை இல்லை. பாயின் பெருமையே அது மனிதனை எங்கேயும் இடிக்காது என்பதுதான். தவிர, பொறுத்துக்கொள்வது என்பது மாற்ற முடியாததற்கு ஏற்பட்ட மருந்து. மழையைப் பொறுத்துக்கொள்ளலாம், முதுமையைப் பொறுத்துக்கொள்ளலாம். அரை அங்குலப் பலகையைப் பொறுத்துக்கொள்வது பொறுமை ஆகாது, சோம்பல். நம் வீடுகளில் இந்தச் சோம்பலுக்குத்தான் 'அனுசரித்துப் போகிற குணம்' என்று நல்ல பெயர் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது ஆட்சேபம் பக்கத்து வண்டிக்காரருடையது. வெள்ளைத் தாடி வைத்த மனிதர். பழைய வண்டிகளில் உயிரையே வைத்திருப்பவர். "தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ, அப்படியே இருந்தால்தான் அழகு. ஒரு தடவை ரம்பம் பட்டால் போச்சு!" என்றார். பழமையை நானும் மதிக்கிறேன். கோயில் தூணில் ஆணி அடிக்கிறவனைக் கண்டால் எனக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் பழையதெல்லாம் கோயில் தூண் ஆகிவிடுமா? ஜான் ஸ்டைன்பெக் என்ற நாவலாசிரியர் 1960-ல் ஒரு லாரியின் மேல் சிறு வீடு அமைத்து அமெரிக்காவைச் சுற்றினார். லாரிக் கம்பெனிக்கு எழுதித் தமக்கு வேண்டியது இன்னின்னது என்று சொல்லித்தான் அதை அவர் செய்வித்தார். கடையில் இருந்ததற்குள் தம்மை மடக்கிக்கொள்ளவில்லை. அந்த வண்டி இன்று கலிபோர்னியாவில் ஸலினாஸ் நகரத்து ஸ்டைன்பெக் நிலையத்தில் இருக்கிறது. அதில் யாரும் படுப்பதில்லை. ஆகவே அதை யாரும் அறுக்கவும் வேண்டாம். காட்சிக்கு வைத்த பொருளுக்கு ஒரு தர்மம். உபயோகத்தில் இருக்கிற பொருளுக்கு வேறு தர்மம். முன்னதில் பழமை பெரிது. பின்னதில் மனிதன் பெரியவன். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள், உயிரோடு இருக்கிறவனைப் பிடித்துப் பொருட்காட்சியில் அடைக்கிறார்கள்.

மூன்றாவது ஆட்சேபம் விலையைப் பற்றியது. "நாளைக்கு விற்கப் போனால் மதிப்புக் குறையுமே!" இதைச் சொல்லாத மனிதரே இல்லை. யாரோ ஒருவன், என்றோ ஒருநாள் வந்து வாங்கப் போகிறான். அவன் முகம் நமக்குத் தெரியாது, உயரமும் தெரியாது. அந்த முகமறியாதவனுடைய சௌகரியத்துக்காக, வண்டிக்குச் சொந்தக்காரன் இன்று முழங்காலை மடக்கிக்கொண்டு கிடக்க வேண்டுமாம்! இதே மனிதர்கள்தாம் வீட்டில் ஸோபாவின் மேலிருக்கிற கண்ணாடித் தாளைக் கிழிக்காமல் பத்து வருஷம் அதன் மேல் வழுக்குகிறவர்கள். நல்ல பாத்திரத்தைப் பரணில் போட்டுவிட்டு நசுங்கிய பாத்திரத்தில் சாப்பிடுகிறவர்கள். வாழ்க்கையை அடுத்தவனுக்கு விற்பதற்காகப் பத்திரப்படுத்தி வைப்பதைவிடப் பெரிய நஷ்டம் வியாபாரத்தில் கிடையாது.

நாலாவது ஆட்சேபம் ஒரு ரிப்பேர்க் கடைக்காரருடையது. டெலிபோனில் விசாரித்தபோது, "அதையெல்லாம் நோண்டாதீர்கள். பெரிய வண்டியாகப் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று ஆலோசனை சொன்னார். புது வண்டிக்குப் பதினைந்து வருஷம், இருபது வருஷம் என்று கடன் கொடுக்கிறார்கள். ரிட்டயரான மனிதர் ஐந்து அங்குலத்துக்காக இருபது வருஷக் கடனில் காலை விட வேண்டும் என்பது அவருடைய யோசனை. அதிலும் வேடிக்கை என்னவென்றால், இன்றைக்குப் புதிதாக வருகிற வண்டிகளிலும் எத்தனையோ மாடல்களில் அதே 'ஷார்ட் குவீன்' கட்டில்தான் இருக்கிறது! கடன் மட்டும் நீளமாகும், கட்டில் நீளமாகாது.

ஐந்தாவது ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நான் தலை வணங்கி ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் அது மரத்தின் கட்சி அல்ல, மனிதனின் கட்சி. "அறுப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?" என்பது அது. மோட்டார் வீட்டில் ஒரு சாண் இடம்கூடச் சும்மா இருப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும், பாட்டரி இருக்கும், கணப்பிலிருந்து சூடான காற்று வருகிற குழாய் இருக்கும். பலகைக்குப் பின்னால் மின்சாரக் கம்பி ஓடும். தரைக்குக் கீழே சமையல் வாயுவின் குழாய் போகும். படுக்கைக்கு அருகே தீ விபத்துக்கென்று ஏற்பட்ட ஜன்னல் ஒன்று இருக்கும். கட்டிலை எந்தப் பக்கம் நீட்டினாலும் அதை மறைக்கக் கூடாது. உள் தடுப்புகளில் சில வெறும் மறைப்பு. சில கூரையைத் தாங்கி நிற்பவை. வண்டி எவ்வளவு கனம் தாங்கும் என்று தகட்டில் எழுதியிருப்பதை மீறக் கூடாது. இவற்றைப் பாராமல் ரம்பத்தை ஓட்டுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். இது 'எப்படி அறுப்பது' என்பதற்குச் சொல்கிற புத்திமதி. 'அறுக்காதே' என்பதற்குச் சொல்கிற காரணம் அல்ல. நம்மவர்கள் முன்னதைச் சொல்லிப் பின்னதை நிலைநாட்டப் பார்க்கிறார்கள்.

அத்தான் செய்த வேலை மிகவும் எளிது. கால்மாட்டில் அவருடைய பக்கத்தில் துணி அலமாரி. அக்காவின் பக்கத்தில் நடைவழி. அலமாரியின் இழுப்பறைகளை வெளியே எடுத்துவிட்டு, டார்ச் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். படிக்கிற விளக்குக்குப் போகிற கம்பி ஒன்று குறுக்கே ஓடிற்று. பாட்டரித் தொடர்பைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பியைப் பக்கத்தில் ஒதுக்கிக் கட்டினார். பிறகு மெத்தைக்கு நேரே தடுப்புப் பலகையில் ஒரு சதுர வாயில் வெட்டினார். உயரம் 16 அங்குலம். போர்வைக்குள்ளே பாதம் நிமிர்ந்து நின்றாலும் இடிக்காத உயரம் அது. வெட்டிய விளிம்பைச் சுற்றிலும் மரச்சட்டம் அடித்துப் பலப்படுத்தினார். அலமாரிக்குள்ளே ஆறு அங்குல ஆழத்துக்குப் பிளைவுட் தளம் போட்டு, அதே கனத்தில் ஃபோம் துண்டு ஒன்றை அறுத்து வைத்தார். ஒரே விரிப்பை மேலே விரித்ததும் ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. நடைவழியில் ஓர் அங்குலமும் குறையவில்லை. நஷ்டம் இரண்டு இழுப்பறை. செலவு, அந்த வண்டியின் ஒரு டயர் விலைகூட ஆகியிராது. அலமாரி குறுக்கே இல்லாதவர்கள் வேறு வழி செய்கிறார்கள். கால்மாட்டில் கீல் வைத்து ஒரு பலகையை மாட்டி, பகலில் தொங்கவிட்டு, ராத்திரி தூக்கி முட்டுக் கொடுக்கிறார்கள். சீப்பின் பற்களைப் போல் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற சட்டங்களை வைத்து இழுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. மனம் இருந்தால் ஐந்து அங்குலத்துக்கு ஐம்பது வழி.

அன்றிரவு அத்தான் ஒன்பது மணிக்குப் படுத்தவர் காலை ஆறு மணிக்கு எழுந்தார். அக்காவைக் கேட்டேன். "குறட்டையும் நீளமாகிவிட்டது!" என்று குறைப்பட்டுக்கொண்டாள். ஆனால் யெல்லோஸ்டோன் போய்ச் சேருகிற வரையில், டம்ளர்கள் மறுபடி உருளவில்லை என்பதை அவளும் மறுக்க மாட்டாள்.

"போகட்டும், உல்லாசப் பிரயாணம் போகிறவர்களின் சங்கடம்தானே!" என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வண்டிகளில் இருப்பவர்கள் எல்லாரும் உல்லாசப் பிரயாணிகள் அல்ல. 2008-ஆம் வருஷத்துப் பொருளாதாரச் சரிவில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த எத்தனையோ பேர் வண்டியையே வீடாக்கிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி ஜெஸிகா ப்ரூடர் என்ற பத்திரிகையாளர் 2017-ல் 'நோமட்லாண்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அது படமாகி, 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசும் வாங்கிற்று. அறுபது வயதுக்கு மேல் கிட்டங்கிகளில் சாமான் அடுக்கியும், கூடாரத் திடல்களைப் பெருக்கியும் பிழைக்கிறவர்கள் அவர்களில் உண்டு. பகலெல்லாம் நின்று வேலை செய்த காலுக்கு ராத்திரியிலும் நீள இடம் இல்லை என்றால், அதை 'ஐந்து அங்குலந்தானே' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர்களிடம் போய்ப் பழமையின் அழகையும், விற்கும்போது கிடைக்கிற மதிப்பையும் பற்றிப் பிரசங்கம் செய்து பாருங்கள்!

நம் முன்னோர்கள் உடம்பை வைத்துத்தான் உலகத்தை அளந்தார்கள். சாண் என்றால் விரித்த கை. முழம் என்றால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையில். உடம்பை 'எண்சாண் உடம்பு' என்றார்கள். அவரவர் கையால் அவரவர் எட்டுச் சாண். நெட்டையனின் சாணும் நெட்டை. குட்டையனின் சாணும் குட்டை. அளவுகோலே ஆளோடு சேர்ந்து வளர்ந்தது. பிறகு தொழிற்சாலை வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவு என்று ஒரு சராசரி மனிதனைக் கற்பனை செய்தார்கள். அந்தச் சராசரி மனிதனை நான் இதுவரை எங்கேயும் சந்தித்ததில்லை. அவன் படுப்பதற்குத்தான் உலகத்துக் கட்டில்களையெல்லாம் செய்கிறார்கள். நாம் அவனுடைய கட்டிலில் குடிக்கூலிக்குப் படுக்கிறோம்.

திருவனந்தபுரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே பள்ளிகொண்டிருக்கும் பத்மநாப சுவாமியை ஒரே வாசலில் நின்று முழுவதும் தரிசிக்க முடியாது. மூன்று வாசல்கள். ஒன்றில் திருமுகம்; ஒன்றில் நாபிக் கமலம்; ஒன்றில் திருப்பாதம். அந்தக் கோயிலைக் கட்டிய ஸ்தபதியை நினைத்துக்கொள்கிறேன். ஒரு வாசலுக்குள் அடங்கும்படியாக முழங்காலை மடக்கிக்கொள்ளும் என்று அவன் பெருமாளைக் கேட்கவில்லை. பெருமாள் நீளமாயிருந்தார், அவன் இன்னும் இரண்டு வாசல் வைத்தான்.

கட்டில், நாற்காலி, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, ரயிலின் பக்கவாட்டுப் படுக்கை, எதுவாயிருந்தாலும் அதை மனிதன் செய்தான். அது மனிதனைச் செய்யவில்லை. அது குட்டையாயிருந்தால் நீட்டலாம், உயரமாயிருந்தால் தறிக்கலாம். உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு, இரண்டு தடவை அளந்துவிட்டு, ஒரு தடவை அறுக்கலாம். கடவுள் கொடுத்த காலை மடக்கிக்கொண்டு, கம்பெனி கொடுத்த பலகையைக் கும்பிடுவது மட்டும் வேண்டாம்.